புதுப்பிப்பு: வேற்றுக்கிரக வீரனின் நாலாவது கை உறுதியாக நின்றுவிட்டது

ரெசின் (அச்சில் வார்க்கும் ஒருவகை பிளாஸ்டிக்) வீரன் பொம்மைக்கு வைத்த கூடுதல் கை கழன்று விழுகிறது, பெயின்டும் உரிகிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, உள்ளே கம்பி செருகி இணைக்கும் யோசனைதான். தோளில் 1 மி.மீ. துளை போட்டு, அதன் வாயில் சொட்டுப் பெயின்ட் வைத்துப் பொம்மையின் கையை அதில் அழுத்தினால் கையின் முனையில் குறி விழும். அங்கே அடுத்த துளை. பேப்பர் கிளிப் துண்டைச் செருகி சூப்பர் க்ளூ விட்டேன். இடைவெளிக்கு எபாக்ஸி புட்டி (இரண்டு பகுதிகளைப் பிசைந்தால் இறுகும் பசைக்களிமண்). விரலை நனைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் புட்டி விரலோடு வந்துவிடும்!

பெயின்ட் உரிந்தது, பொம்மையை வார்க்கும் அச்சில் தடவும் எண்ணெய்ப்பசையால். சோப்புத் தண்ணீரில் டூத்பிரஷால் தேய்த்து, காயவைத்து, மறுபடி பிரைமர் (பெயின்ட் பிடிக்க அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தேன், இப்போது உரிவதில்லை.

எதிர்பாராதது ஒன்று: கழுவிய தண்ணீர் சூடு அதிகமாகி வீரனின் வால் வளைந்துவிட்டது. நேராக்கவில்லை, ஊர்ந்து வருவதுபோல நன்றாகவே இருக்கிறது.