மறு: ‘இரைப்பைத் தேக்கம்’ எண்டு வைப்பமா?

எல்லாருக்கும் வணக்கம்,

களத்துல (தொண்டையில இருந்து இரைப்பைக்குச் சாப்பாடு போற குழாய்) புற்றுநோய்க்கு சத்திரசிகிச்சை செஞ்ச ஆக்களுக்கு சாப்பாடு இரைப்பைய விட்டு இறங்காம நிக்கிறதுக்கு துண்டுப்பிரசுரத்துல போட ஒரு தமிழ்ச் சொல் தேடுறம்தானே, அதுக்கு அண்ணன் கேட்டது:

> செமியாக்குணம் எண்டே போட்டா என்ன, நம்மட சனத்துக்கு விளங்கும்தானே

விளங்கும் அண்ணன், ஆனா பிழையா விளங்கும். செமியாக்குணம் எண்டா வீட்டுல இஞ்சி அவிச்சுக் குடுத்திட்டு கொஞ்சம் சரிஞ்சு படுங்க எண்டுவாங்க. களத்துல புற்றுநோய்க்கு சத்திரசிகிச்சை செஞ்ச ஆள் அப்பிடிப் படுத்தா நிக்கிற சாப்பாடு மேல வந்து நுரையீரலுக்குள்ள போய் நியுமோனியா ஆகிரும், உயிருக்கே ஆபத்து. களத்த எடுத்துப்போட்டு இரைப்பையக் குழாயா வெட்டித் தைச்சு நெஞ்சுக்குள்ள இழுத்து மிச்சக் களத்தோட பொருத்துறாங்க, அந்த நேரம் இரைப்பைய இயக்குற வேகஸ் நரம்பும் வெட்டுப்படுது, அதால இரைப்பை சுருங்கித் தள்ளுறதும் குறைவு, சிறுகுடலுக்குப் போற வாசல்ல இருக்கிற இறுக்கியும் (திறந்து மூடுற தசை வளையம்) சரியா விரியாது. துருசு திறக்காத குளம் போல தேங்கி நிக்கும்.

தங்கச்சி தந்த ‘உணவு இறங்காமை’ கேக்க நல்லாத்தான் இரிக்கி. ஆனா அந்த ஆக்கள் சத்திரசிகிச்சைக்கு முதலே ‘சோறு இறங்குதில்ல’ எண்டு சொல்லித்தானே கிளினிக்குக்கு வந்தவங்க, அது களம் அடைபட்டது. ரெண்டுக்கும் ஒரே சொல் வெச்சா டொக்டர் எதக் கேக்காரு எண்டே நோயாளிக்குத் தெரியாமப் போயிரும். ‘இரைப்பை வாதம்’ எண்ட சொல் நீரிழிவுக்காரருக்கு இரைப்பை சரியா வேலை செய்யாமப் போறதுக்கு இருக்கட்டும்.

அதால ‘இரைப்பைத் தேக்கம்’. 2020ல வந்த சர்வதேச வரையறையில சத்திரசிகிச்சை செஞ்சு 14 நாளுக்குள்ள வாறது, பிறகு வாறது எண்டு ரெண்டாப் பிரிச்சிருக்காங்க, ‘முன்தேக்கம்’, ‘பின்தேக்கம்’ லேசா ஒட்டும். தேங்கினத மூக்குக் குழாயால எடுக்கிறது ‘தேக்கம் வடித்தல்’, அந்த இறுக்கிய பலூன் விட்டுப் பெருப்பிக்கிறது ‘வாசல் விரிப்பு’. இதுக்கு நேர்மாறா சாப்பாடு கெதியா குடலுக்குள்ள கொட்டி வேர்த்து நெஞ்சு படபடக்கிறதுக்கு ‘இரைப்பைப் பாய்ச்சல்’ எண்டு வைக்கலாம்.

மருந்துக்கு மட்டும் விளக்கம் கட்டாயம் வேணும். எரித்ரோமைசின் கிருமிக்குக் குடுக்கிற மருந்து, இங்க இரைப்பையச் சுருங்க வைக்கக் குடுக்கிறது, அத எழுதாட்டி காய்ச்சல் இல்லியே எண்டு நிப்பாட்டிருவாங்க.

துண்டுப்பிரசுரத்துக்கு இப்பிடி எழுதியிருக்கன்: ‘இரைப்பைத் தேக்கம் உள்ளவர் கொஞ்சம் கொஞ்சமா ஒரு நாளைக்கு 6 தரமாவது சாப்பிடணும், சாப்பிட்டு உடன படுக்கக் கூடாது, ராவையில தலைப்பக்கம் உயத்திப் படுக்கணும். நோன்பு பிடிக்க விரும்புறவர் முதல்ல டொக்டரக் கேக்கணும், நோன்பு திறந்து ஒரேயடியா சாப்பிடுறது கூடாது.’ கடைசி வசனம் காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் ஆக்களுக்காகச் சேத்தது. அந்தப் பக்கத்து ஆக்கள் ‘தேக்கம்’ எண்டா வேற ஏதும் எடுப்பாங்களா எண்டு அச்சுக்குப் போக முதல் ஆராச்சும் சொல்லுங்க.