சொல்லாமல் நின்றுபோகும் தொண்டர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளவத்தை ரீச்சர்:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மடத்தில் சனிக்கிழமைகளில் தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு வைக்கிறோம். சொல்லிக்கொடுப்பவர்கள் அநேகமாக ஏ.எல். எழுதிவிட்டு, கம்பஸ் கூப்பிடும்வரை வீட்டில் இருக்கிற பிள்ளைகள். அந்தக் காத்திருப்பு இங்கே எவ்வளவு நீளும் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் வகுப்பு ஓடுவதே அந்த இடைவெளியில்தான்.

முதல் தடவை "சேவை மனப்பான்மை உள்ள இளைஞர்கள் தேவை" என்று வட்ஸ்அப்பில் போட்டேன். 43 பேர் வருகிறோம் என்றார்கள். முதல் சனிக்கிழமை வந்தது 11 பேர். இரண்டு மாதத்தில் 4 பேர் மிஞ்சினார்கள். 43 பேர் 11 ஆனதில் எனக்குக் கவலை இல்லை, அது உலக வழக்கம். 11 பேர் 4 ஆனதுதான் உறுத்தியது.

நின்றுபோனவர்களில் ஒரு பிள்ளையை மறக்கமுடியவில்லை. பின்னம் சொல்லிக்கொடுக்க ஒரு ரோஸ்ட் பாண் வாங்கிவருவாள். மேசையில் வைத்து எட்டாக வெட்டி, மூன்று துண்டை ஒரு பையனிடம் கொடுத்து, "இப்ப உன்ர பங்கு எவ்வளவு?" என்று கேட்பாள். எட்டில் மூன்று என்று சரியாகச் சொன்னால்தான் சாப்பிடலாம். முப்பது வருடம் கரும்பலகையில் வட்டம் கீறியே பின்னம் படிப்பித்த எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை "காய்ச்சல் மிஸ்" என்று செய்தி வந்தது. அடுத்தது "வீட்டில விசேஷம்." பிறகு பதிலே இல்லை, நீல டிக் மட்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் பிடிப்பில்லை என்று நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கும்போது அவளுடைய அம்மாவைக் கண்டேன். "அவளுக்கு வர ஆசைதான் ரீச்சர். போக வர நாலு பஸ். மாசத்துக்கு எண்ணூறு ரூபா போகுது. உங்களிட்டக் கேக்க வெக்கப்படுறாள்" என்றார்.

100ஆம் இலக்கப் பஸ்ஸிலோ 101இலோ ஏறிப் புறக்கோட்டைக்குப் போய், அங்கே மாறி இன்னொரு பஸ். பின்னேரம் அதே மாதிரித் திரும்பவேண்டும். இது என் மூளையில் ஏறவே இல்லை. நான் மகனுடைய காரில் போய் மடத்து வாசலில் இறங்குகிறவள். அதோடு, அந்தப் பாணையும் அவள் சொந்தக் காசில்தான் வாங்கியிருக்கிறாள்.

அதன்பிறகு என்ன செய்தோம் என்று பின்னால் எழுதுகிறேன். முதலில் உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனைவாசி:

ரீச்சர், எங்கள் கதை நேர்மாறு. எங்களுக்கு ஆள் கூடிப்போய்த்தான் வினை.

2016 மே வெள்ளம் ஞாபகம் இருக்கும். களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். நாங்கள் ஒரு மண்டபத்தில் சமைத்துப் பார்சல் கட்டினோம். அந்தக் கிழமை வெசாக் போயாவும் வந்தது, 21ஆம் திகதி. லீவு நாள் என்றதும் மண்டபம் நிறைந்துவிட்டது. பார்சல் கட்ட எட்டுப் பேர் போதும், நின்றது அறுபது பேர். பருப்புச் சட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்தவர்களையும் நான் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேலை கிடைக்காத பலர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். அவர்களின் பெயரையோ நம்பரையோ யாரும் எழுதி வைக்கவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகுதான் உண்மையான வேலை. வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு, ஊறிப்போன மெத்தை, செத்த எலி, கிணறு இறைப்பது. போன் போட்டால் ஆள் இல்லை. ஒருவருக்கு ஒபீஸ், ஒருவருக்கு முதுகுவலி. அவர்களைக் குறை சொல்லவில்லை. வெள்ளம் வந்த முதல் நாள் எல்லாருக்கும் நெஞ்சு உருகும். எட்டாம் நாள் சேறு அள்ளப் போவதற்கு அந்த உருக்கம் காணாது.

ஊறின தளபாடம் ஏற்ற ஒரு கைவண்டி தேவைப்பட்டது. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு நாட்டாமையிடம், அதாவது மூட்டை சுமக்கும் தொழிலாளியிடம், வாடகைக்குக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வண்டி மட்டும் போதுமா தம்பி? ஆள் வேணாமா?" என்றார்.

அடுத்த ஞாயிறு, கடைகள் பூட்டியிருந்த நேரம், ஆறு பேர் வந்தார்கள். நாளெல்லாம் மூட்டை சுமக்கிறவர்கள். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து அசைக்கமுடியாத அலுமாரியை இரண்டு பேர் கயிறு போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் அவர்களே எங்களுக்கு வேலை பிரித்துத் தந்தார்கள்: படித்தவர்கள் எல்லாம் வாளி, அவர்கள் மண்வெட்டி. வாடகை கொடுக்கப் போனபோது வாங்கவில்லை, பிளேன்டீயும் வடையும் போதும் என்றுவிட்டார்கள்.

எங்கள் குழுவில் பட்டதாரிகள், கணக்காளர்கள் எல்லாம் இருந்தார்கள். இவர்களிடம் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் வண்டி மட்டும்தான் கண்ணில் பட்டது.

பம்பலப்பிட்டிக்காரன்:

நாங்கள் பழைய மாணவர்கள் சிலர் வருடத்துக்கு இரண்டு தடவை இரத்ததான முகாம் வைக்கிறோம். நாரஹேன்பிட்ட தேசிய இரத்த நிலையத்திலிருந்து வைத்தியரும் தாதிமாரும் கட்டிலோடு வருவார்கள். ஆள் சேர்ப்பது, வரிசை, படிவம், குளிர்பானம் எங்கள் பொறுப்பு. இரத்தம் கொடுப்பவருக்கு இங்கே காசு கிடையாது. 2014 முதல் முழுக்கத் தன்னார்வக் கொடைதான். அதனால் வருகிறவரைத் திருப்பி அனுப்பும்போது மனம் நோகாமல் அனுப்பத் தெரியவேண்டும்.

இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் வங்கியில் ஓய்வுபெற்ற அங்கிள். நல்ல மனுஷர், ஆனால் வாசலில் விட்டால் பொலிஸ் விசாரணை. "வயசு பதினெட்டு ஆச்சா? அறுபது தாண்டேல்லயே? கடைசியாக் குடுத்து நாலு மாசம் ஆச்சா?" கேள்வி எல்லாம் சரி, கேட்கிற தொனியில் இரண்டு பேர் வந்தவழியே போய்விட்டார்கள். வயதில் மூத்தவர், என்னுடைய அப்பாவின் சிநேகிதர். யார் அவரிடம் சொல்வது? மூன்று முகாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவரைப் பிஸ்கட் மேசைப் பொறுப்பில் போட்டோம். இரத்தம் கொடுத்தவர் உடனே எழும்பி ஓடக்கூடாது, கொஞ்ச நேரம் இருக்கவேண்டும். பொடியன்கள் சொன்னால் யாரும் கேட்பதில்லை. அங்கிள் கதை தொடங்கினால் எவராலும் எழும்பமுடியாது. 1983க்கு முந்திய காலி வீதி, அந்தக் காலத்து ஆடிவேல், எந்தக் கடையில் எந்த மிட்டாய் என்று தொடங்கிவிடுவார். இப்போது எங்களுக்கு மயக்கம்போட்டு விழுகிற கேஸ் மிகக் குறைவு. அவருக்கும் மேசை பெரிய சந்தோஷம்.

மற்றவர் ஒரு தங்கச்சி. முதல் தடவை இரத்தம் கொடுக்க ஆசையாக வந்தவள். தராசு 47 காட்டியது, 50 கிலோ வேண்டும். கண் கலங்கிவிட்டது. படிவம் எழுதும் இடத்தில் ஆள் போதாமல் இருந்ததால், "இரண்டு மணித்தியாலம் இதில் இருக்கமுடியுமா?" என்று கேட்டேன். பின்னேரம் ஐந்து மணிவரை இருந்தாள். இப்போது முகாம் முழுக்க அவள் கையில், எனக்கே கட்டளை போடுகிறாள். எடை மட்டும் இன்னும் 49தான்.

தெஹிவளை அம்மா:

சுருக்கமாக ஒன்று. எங்கள் சிறுவர் வாசிகசாலைக்கு ஒருவர் தானாக வந்து, இங்கிலீஷ் படிப்பிக்கிறேன் என்றார். பேச்சும் உடையும் நன்றாக இருந்தன. பிள்ளைகளோடு வேலை செய்கிற எல்லாரிடமும் ஜி.எஸ். (கிராம சேவகர்) சான்றிதழும், விசாரிக்க இரண்டு பேரின் நம்பரும் வாங்குவது எங்கள் வழக்கம். கேட்டதும் ஆளின் முகம் மாறிவிட்டது. "தர்மத்துக்குச் செய்யுறதுக்கு என்னத்துக்குச் சான்றிதழ்?" என்று சத்தம் போட்டார். எங்கள் குழுவிலேயே இரண்டு பேர், வருகிறவரை ஏன் விரட்டுகிறாய் என்று என்னோடு கோபித்தார்கள்.

அவர் திரும்ப வரவில்லை. அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, பழி சொல்லவும் மாட்டேன். ஆனால் எங்கள் கதவில் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தை ஒட்டி வைத்துவிட்டு, உள்ளே யாரையும் கேட்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கேட்கும் விதத்தை மட்டும் மாற்றிவிட்டேன். இப்போது முதல் நாளே, பேச்சுத் தொடங்க முதல், எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்துவிடுகிறேன். என்னுடைய தாளும் கோப்பில் முதலாவதாக இருக்கிறது. காட்டினால் வாயடைத்துவிடுவார்கள்.

வெள்ளவத்தை ரீச்சர்:

நாட்டாமை கதையை இரண்டு தடவை வாசித்தேன். நன்றி தம்பி.

எங்கள் கதையின் மிச்சம். முதலில் கடித உறையில் காசு வைத்துக் கொடுத்துப் பார்த்தேன். படுதோல்வி. ஒருவன் வாங்கவில்லை, ஒருத்தி வாங்கிவிட்டுக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டாள். கை நீட்டி வாங்குவது அவர்களுக்குக் கூசியது.

பிறகு மடத்து மேசையில் ஒரு பழைய பால்மா டின்னும் கணக்கெழுத ஒரு சி.ஆர். கொப்பியும் வைத்தேன். சட்டம் ஒன்றே ஒன்று: வருகிற எல்லாரும் அன்றைய பஸ் காசை எழுதி எடுத்தே ஆகவேண்டும். விருப்பமானவர் எடுக்கலாம் என்று வைத்தால் தேவைப்பட்டவர் எடுக்கமாட்டார். டொக்டரின் மகன் ஒருவன் இருக்கிறான், காரில் வருவான். அவனும் 200 என்று எழுதி எடுப்பான். மாதக் கடைசியில் டின்னை எண்ணினால் கணக்கைவிட 800 ரூபாய் கூடியிருக்கும். யார் போடுகிறார்கள் என்று நான் கேட்டதில்லை. இப்போது நான்கு பேர் ஒன்பதாகி, ஒரு வருடமாகக் குறையவில்லை. பாண் காசுக்கும் கொப்பியில் தனி வரி போட்டிருக்கிறேன்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நானே போய்க் கொப்பியைக் காட்டிக் கூப்பிட்டேன். அடுத்த சனிக்கிழமையே பாணோடு வந்தாள். போன மாதம் பேராதனைக்குக் கிடைத்துப் போய்விட்டாள். பஸ்ஸில் இருந்தே செய்தி அனுப்பியிருந்தாள்: "மிஸ், தம்பி ஓ.எல். முடிச்சிட்டான், சும்மாதான் இருக்கிறான். சனிக்கிழமை அனுப்புறேன். அவன் பஸ்ஸுக்குக் காசு எடுக்க மறந்திடுவான், கொப்பியை நீங்களே அவன்ட முன்னால வையுங்கோ."