'அழையா எண்ணம்': இன்ட்ரூசிவ் தாட்டுக்கு ஒரு சொல்

ஓசிடி என்பது விடாமல் வரும் எண்ணமும், அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலும் ஆட்டிப்படைக்கும் மனநோய். அதற்கான இணையவழிச் சிகிச்சைப் பாடத்தைத் தமிழில் எழுதும்போது, 'இன்ட்ரூசிவ் தாட்', அதாவது நாம் நினைக்காமலே மனத்தில் வந்து கலங்கடிக்கும் எண்ணத்துக்கு, என்ன சொல் போடுவது என்பதுதான் கேள்வி. அண்ணன் சொன்ன 'ஊடுருவும் எண்ணம்' அகராதிக்குச் சரி, ஓசிடி உள்ளவர் படிக்கும் பாடத்துக்கு வேண்டாம். ஊடுருவுவது எதிரிப் படை. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தைப்பூச விரதம் இருந்து முருகன் முன்னால் நிற்கும்போது சாமியைப் பற்றியே அசிங்கமாக ஒரு நினைப்பு வந்து, எனக்குள்ளே ஏதோ புகுந்துவிட்டது என்று நடுங்குகிறவரிடம், ஆமாம் ஊடுருவித்தான் இருக்கிறது என்று நாமே எழுதிக் கொடுப்பதா?

நேரில் என்றால் சிகிச்சையாளர் முகம் பார்த்து விளக்கிவிடுவார். இணையவழியில் அது கிடையாது. ஸ்வீடனில் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகக் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில் 10 வாரச் சிகிச்சை, பாடமும் எழுத்தில், சிகிச்சையாளரோடு பேச்சும் எழுத்தில்தான். ராத்திரி தனியாகப் போனில் படிப்பவருக்குச் சொல்லே பாதி விளக்கம். அதுவும் டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் கோயில் வகுப்பில் தமிழ் கற்று எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

'வேண்டாத எண்ணம்' என்றால் கண்டிப்பு ஒலிக்கிறது. வேண்டாததை எல்லாம் நினைக்காதே என்று வீட்டில் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள்தானே நாம். நினைக்கக் கூடாது என்று அமுக்கினால்தான் அது திரும்பத் திரும்ப வரும், 1987இல் உளவியலாளர் வெக்னர் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்துக் கண்டது அதைத்தான். குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, கத்தியால் குத்திவிடுவேனோ என்ற எண்ணங்கள் நோய் இல்லாத பெரும்பாலோருக்கும் வருகின்றன என்று உளவியலாளர்கள் ராக்மனும் டி சில்வாவும் 1978இலேயே காட்டிவிட்டார்கள். நோய் இல்லாதவர்கள் அதை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். ஓசிடி உள்ளவரோ இப்படி நினைத்த நான் எவ்வளவு கெட்டவள் என்று அதற்குப் பொருள் ஏற்றி, அதைக் கழுவ மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சிகிச்சை கை வைப்பது அந்தப் பொருளிலும் அந்த மந்திரத்திலும்.

'தானாக வரும் எண்ணம்' நல்ல சொல்தான், ஆனால் அதை மனநல மருத்துவர் பெக் சொன்ன 'ஆட்டோமேட்டிக் தாட்'டுக்கு, அதாவது ஒன்றைக் கண்டதும் மனத்தில் சட்டென ஓடும் கணிப்புக்கு, விட்டுவைப்போம், இரண்டும் ஒரே பாடத்தில் வந்தால் குழப்பம்.

என் முன்மொழிவு 'அழையா எண்ணம்'. அழையா விருந்தாளியை எல்லாருக்கும் தெரியும்: வந்ததற்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லை, துரத்திக்கொண்டு ஓடவும் வேண்டாம், இலை போடவும் வேண்டாம். கண்முன் வரும் படங்களுக்கு அழையாக் காட்சி, உந்துதலுக்கு அழையா உந்துதல் என்று கூட்டுச்சொல்லும் அமைகிறது.

அப்புறம், "நான் கெட்டவள் இல்லையே?" என்று வீட்டாரிடம் ஓயாமல் கேட்கும் பழக்கத்துக்கு 'உறுதி கேட்டல்' போதுமா? அக்காமார் யாராவது பாருங்கள்.