டேவிட் லிஞ்ச் இயக்கின 'முல்ஹாலண்ட் டிரைவ்' படம்: நீலப் பெட்டி திறந்ததுக்கு அப்புறம் வர்ற காட்சிகளோட வரிசை என்ன? (ஸ்பாய்லர் உண்டு)

கடைசிவரிசை:
படம் பார்க்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க.

'முதல் ரெண்டு மணி நேரம் டயானோட கனவு, மிச்சம் நிஜம்'ங்கற விளக்கம் எங்க தேடினாலும் கிடைக்குது. சரி, ஒத்துக்கறேன். ஆனா அது அதுக்கப்புறம் வர்ற பகுதிக்கு உதவவே இல்ல. நடிகை டயான் தூங்கி எழுந்திருக்கா. சமையலறையில அவ காதலி கமில்லா நிக்கறா, அடுத்த நொடி காணோம். அப்புறம் சோபால படுத்திருக்கா, அப்புறம் வாசல்ல சண்டை, அப்புறம் பார்ட்டி. நீலச் சாவி ஆரம்பத்துலயே மேஜை மேல கிடக்கு, ஆனா அதைப் பத்தின பேச்சே கடைசியிலதான் வருது. எது முன்னாடி, எது பின்னாடி?

இன்னொண்ணு: விபத்து நடந்த இடத்துக்கு வர்ற ரெண்டு போலீஸ்காரங்க, கறுப்பு நோட்டுப் புத்தகத்துக்காகக் கொலை பண்றவன், இவங்க கதையெல்லாம் எங்க போச்சு?

பிலிம்சுருள்:
முகங்களை விட்டுட்டு மேஜையைப் பாருங்க. லிஞ்ச் காட்சிகளைக் கலைச்சுப் போட்டிருக்கார், ஆனா பொருட்கள்ல பொய் சொல்லல.

கவனிக்க வேண்டியது மூணு: பியானோ வடிவ ஆஷ்ட்ரே, நீலச் சாவி, டயான் போட்டிருக்கற அழுக்கேறின வெள்ளை ரோப் (வீட்டு அங்கி).

கதவைத் தட்டறது பக்கத்து வீட்டுப் பொண்ணு. வீடு மாத்திக்கிட்டு மூணு வாரம் ஆச்சு, என் சாமானைக் கொடுன்னு கேக்கறா. போகும்போது மேஜைல இருந்து அந்த ஆஷ்ட்ரேயை எடுத்துட்டுப் போறா. அந்த மேஜைலயே சாவியும் இருக்கு. டயானைத் தேடி ரெண்டு துப்பறிவாளர்கள் வந்தாங்கன்னும் சொல்லிட்டுப் போறா. டயான் ஆள் வெச்சுக் கமில்லாவைக் கொல்லச் சொன்னா, வேலை முடிஞ்சதுக்கு அடையாளம்தான் அந்தச் சாவி. ஆக, இந்த நேரத்துல கொலை முடிஞ்சாச்சு. இதுதான் படத்தோட 'இன்னிக்கு'.

உடனே சமையலறையில கமில்லா தெரியறா. டயான் முகம் மலருது, பேசறா, அவ மறைஞ்சுடறா. அது பிரமை. டயான் ரோப்போட காபி போட்டு எடுத்துக்கிட்டு சோபா பக்கம் வர்றா. ஒரே வெட்டு. இப்போ ரோப் இல்ல, கையில காபிக்குப் பதில் வேற கிளாஸ், சோபால கமில்லா. மேஜைல பாருங்க, ஆஷ்ட்ரே திரும்ப இருக்கு! அப்போ இது பழைய நினைவு. பெரும்பாலானவங்க கோட்டை விடறது இந்த வெட்டுலதான், ஏன்னா கேமராவோட நகர்வு அறுபடாம தொடர்றதால அதே காலை நேரம்னு மனசு நம்பிடுது.

அந்த சோபா காட்சியில கமில்லா 'இனி வேண்டாம்'னு விலகறா. டயான் உடனே 'அவன்தானே காரணம்'னு கேக்கறா. அப்படின்னா படப்பிடிப்புல இயக்குநர் ஆடம் கமில்லாவுக்கு முத்தம் கொடுத்துக் காட்டற காட்சி, திரையில பின்னாடி வந்தாலும், நடந்தது முன்னாடின்னு வைக்கறதுதான் பொருந்துது.

நடந்த வரிசையில அடுக்கினா: படப்பிடிப்பு, சோபா, வாசல் சண்டை, சிவப்பு விளக்கு பக்கத்துல போன் அடிக்கறது, முல்ஹாலண்ட் டிரைவ்ல இருக்கற ஆடம் வீட்டுப் பார்ட்டி, விங்கீஸ் ஓட்டல்ல கூலிக்கொலைகாரன்கிட்ட போட்டோவும் பணமும் கொடுக்கறது, அப்புறம் சாவி மேஜைக்கு வர்றது, தூக்கம், கதவு தட்டற சத்தம். கடைசியில சோபால உட்கார்ந்து சாவியைப் பார்த்துக்கிட்டிருக்கற டயான் மறுபடி 'இன்னிக்கு'ல இருக்கா. ரோப் திரும்ப வந்திருக்கும் பாருங்க.

ஒரு கூடுதல் விஷயம். ஆரம்பத்துல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் போன் பண்ணிக்கிட்டே போவாங்களே, அந்தச் சங்கிலி முடியறது யாரும் எடுக்காத ஒரு போன்ல. பக்கத்துல அதே சிவப்பு விளக்கு, சிகரெட் துண்டுகள் நிறைஞ்ச ஆஷ்ட்ரே. அது டயான் வீட்டுப் போன்.

நெகடிவ்_நேரம்:
போலீஸ்காரங்க பத்தின கேள்விக்கு பதில் கதைக்குள்ள இல்ல, தயாரிப்புல இருக்கு. இது முதல்ல ஏபிசி சேனலுக்காக 1999ல எடுத்த டிவி தொடரோட பைலட் (சேனலுக்குக் காட்டற மாதிரி எபிசோட்). சேனல் வேண்டாம்னு ஒதுக்கிடுச்சு. பிறகு பிரெஞ்சு நிறுவனம் ஸ்டூடியோகனால் பணம் போட்டு, லிஞ்ச் புதுசா காட்சிகள் எடுத்துச் சேர்த்து 2001ல படமா வந்துச்சு. அந்த வருஷம் கான் திரைப்பட விழாவுல சிறந்த இயக்குநர் விருது, ஜோயல் கோயனோட பகிர்ந்துக்கிட்டார்.

தொடர்னா பத்து பதினைஞ்சு கிளைக்கதையைத் திறந்து வைக்கணும், அதுதான் பைலட்டோட வேலை. போலீஸ்காரங்கள்ல ஒருத்தரா வர்ற ராபர்ட் ஃபார்ஸ்டர் மாதிரி ஒரு நடிகர் ஒரே காட்சியோட காணாமப் போறதுக்குக் காரணம் இதுதான். கறுப்பு நோட்டுப் புத்தகமும் அதே கணக்கு. இதுக்கெல்லாம் 'டயானோட குற்ற உணர்ச்சியின் குறியீடு'ன்னு பக்கம் பக்கமா எழுதறாங்க. எழுதட்டும். சில நூல் தொங்கறது தொங்கறதுதான்.

வெள்ளித்திரைவாசி:
மேலே சொன்ன வரிசையை ஏற்கிறேன். ஆனால் கனவு, நிஜம் என்று கோடு கிழித்தவுடன் படம் முடிந்துவிட்டதாக நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கனவிலேயே 17ஆம் எண் வீட்டுப் படுக்கையில் அழுகிய பிணம் கிடக்கிறது. டயான் பின்னால் அதே படுக்கையில்தான் சாகிறாள். இன்னும் நடக்காத சாவு கனவுக்குள் எப்படி வந்தது? 'சாகும் தறுவாயில் ஓடும் நினைவு' என்ற விளக்கம் இதற்குப் பொருந்தும், ஆனால் அதை ஏற்றால் நீங்கள் 'இன்னிக்கு' என்று சொல்வதும் ஆட்டம் காணும்.

மாற்றிப் போடும் முறையைக் கவனித்தால் கோட்பாடே தேவைப்படாது. பார்ட்டியில் டயான் சொல்லும் சொந்தக் கதையையும் அங்கே கண்ணில் பட்டவர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆடமின் தாய் கோகோ, கனவில் குடியிருப்பு மேலாளர். தன்னைப் பெரிதாக மதிக்காத இயக்குநர் பாப் ப்ரூக்கர், கனவில் பெட்டி (Betty, கனவில் டயான் எடுக்கும் வடிவம்) செல்லும் ஆடிஷனில் அசட்டுத்தனமாக உளறுபவர். கமில்லாவை முத்தமிடும் பொன்முடிப் பெண்ணுக்குக் கனவில் கமில்லா ரோட்ஸ் என்ற பெயரே போய்விடுகிறது. விங்கீஸ் பணிப்பெண்ணின் பெயர்ப்பட்டையில் நிஜத்தில் 'பெட்டி' (Betty), கனவில் 'டயான்'. கூலிக்கொலைகாரனிடம் போட்டோவைக் காட்டிச் சொல்லும் 'இந்தப் பெண்தான்' என்ற வாக்கியம், கனவில் ஸ்டூடியோக் கூட்டத்தில் மிரட்டலாகத் திரும்புகிறது. அவமானப்பட்ட இடமெல்லாம் அங்கே பழிதீர்க்கப்படுகிறது அல்லது மழுப்பப்படுகிறது.

பிலிம்சுருள்:
@வெள்ளித்திரைவாசி பிணம் விஷயத்துல உங்க கேள்வி நியாயம்தான். 'இவ செத்தாச்சு'ங்கற செய்தியை எடுத்து, கமில்லாவை விட்டுட்டு டயான் தன் படுக்கையில போட்டுக்கறான்னு நான் எடுத்துக்கறேன். நிரூபிக்க முடியாது.

கடைசிவரிசை:
ரொம்ப நன்றி, ஆஷ்ட்ரேயை நான் கவனிக்கவே இல்ல. அந்த கௌபாய்? 'நல்லது பண்ணினா இன்னும் ஒரு தடவை பார்ப்ப, கெட்டது பண்ணினா ரெண்டு தடவை'ன்னு ஆடம்கிட்ட சொல்றான். எண்ணிப் பார்த்தா இடிக்குது.

நெகடிவ்_நேரம்:
அவன் ஆடமைத்தான் மிரட்டறான், ஆனா திரும்ப அவனைப் பார்க்கறது நாமதான். படுக்கையறை வாசல்ல வந்து எழுப்பறான், அது ஒண்ணு. பார்ட்டியில பின்னணியில குறுக்கே நடந்து போறான், கண்ணிமைச்சா போச்சு, அது ரெண்டு. ஆக ரெண்டு தடவை. வாசல் காட்சி நடுவுல வெட்டி படுக்கையில இருக்கற உடல் மாறுது, அதை ரெண்டா எண்ணறவங்களுக்குத்தான் கணக்கு இடிக்கும்.

ஒலிப்பதிவு77:
எல்லாரும் கதையையே நோண்டறீங்க, ஆனா இந்தப் படத்துல வயித்தைப் பிசையறது சத்தம். ஒலி வடிவமைப்பும் லிஞ்ச்சேதான். பல காட்சிகளுக்கு அடியில ஒரு தாழ்ந்த உறுமல் ஓடிக்கிட்டே இருக்கும். டிவியோட சின்ன ஸ்பீக்கர் அந்த அதிர்வெண்ணைத் தராது, 'நைட் மோட்' போட்டிருந்தா அமைதிக்கும் அலறலுக்கும் உள்ள வித்தியாசமும் தட்டையாகிடும். 'பயமே இல்லையே, போர்'னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் இப்படிப் பார்த்தவங்களாத்தான் இருப்பாங்கன்னு என் சந்தேகம். நைட் மோடை அணைச்சுட்டு ஹெட்போன்ல பாருங்க.

விங்கீஸ் காட்சியை மட்டும் தனியா எடுத்துக்கோங்க. பட்டப்பகல், ரெண்டு பேர் மேஜையில பேசறாங்க, ஒருத்தன் தன் கனவைச் சொல்றான். சாதாரணமா இப்படிப் பேச்சுக்குக் கேமராவை நிலையா வெச்சிருப்பாங்க. இங்கே அது லேசா மிதந்துக்கிட்டே இருக்கு, ஏறி இறங்கி, யாரோ மூச்சு விட்டுக்கிட்டு நிக்கற மாதிரி. என்ன வரப்போகுதுன்னு வாயாலயே சொல்லிடறான், எங்கேன்னும் சொல்லிடறான், அப்படியும் அந்தச் சுவர் ஓரத்துல உருவம் வழுக்கி வெளிய வரும்போது தூக்கி வாரிப் போடுது. அவன் விழுந்ததும் ஒலி மூடிக்கிட்டு மங்கிடும், நமக்கே காது அடைச்ச மாதிரி.

சிலென்சியோங்கற இரவு கிளப் காட்சியும் இதே வித்தைதான். எல்லாமே டேப்புன்னு மேடையிலயே அறிவிச்சுடறாங்க. ட்ரம்பெட்காரர் கையை எடுத்த பிறகும் இசை ஓடுது. அதுக்கப்புறமும் பாடகி ரெபெகா டெல் ரியோ பாடும்போது நம்பிடறோம், அவங்க சாஞ்சு விழுந்த பின்னாடி குரல் தனியா தொடர்ந்தாதான் உறைக்குது.

வெள்ளித்திரைவாசி:
மறுபடி பார்க்கப் போகிறீர்கள் என்றால் டிவிடி உறையோடு வந்த லிஞ்ச்சின் பத்துக் குறிப்புகளைத் தேடிப் படித்துவிட்டு உட்காருங்கள். ரோப், ஆஷ்ட்ரே, காபிக் கோப்பை மூன்றும் அதில் ஒரே குறிப்பாக இருக்கின்றன. டைட்டிலுக்கு முன்பே குறைந்தது இரண்டு தடயம் உண்டு என்பதுதான் முதல் குறிப்பு. ஜிட்டர்பக் நடனமும், மூச்சுச் சத்தத்தோடு கேமரா இறங்கிப் புதையும் அந்தத் தலையணையும்தான் அவை என்பது என் கணிப்பு. அந்த டிவிடியில் அத்தியாயப் பிரிவே கிடையாது, வேண்டிய காட்சிக்குத் தாவ முடியாது. நேரம் குறித்துக்கொண்டே பாருங்கள்.

கடைசிவரிசை:
டைட்டிலுக்கு முன்னாடி வர்ற அந்தத் தலையணையை இப்பதான் ஓட்டிப் பார்த்தேன். மூச்சு விடறது யார்னு முகம் காட்டலையே, டயான்தான்னு உறுதியா சொல்லலாமா?

பிலிம்சுருள்:
முகம் இல்ல. நீலப் பெட்டி திறந்ததுக்கப்புறம் டயான் எழுந்திருக்கற படுக்கையோட நிறுத்தி நிறுத்தி ஒப்பிட்டுப் பாருங்க, விரிப்பு, தலையணை நிறம் ரெண்டையும்.