கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ

வணக்கம். 1994-ல் காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எடுத்த எங்கள் குரூப் போட்டோ, பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாவதற்கு முன்பு, நாங்களெல்லாம் தருமபுரி மாவட்டப் பிள்ளைகளாக இருந்த காலத்துப் படம்.

கலர் பிரிண்ட், பத்துக்கு எட்டு. போன ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறி வலது ஓரம் பிடித்துக்கொண்டது. அங்கேதான் கணக்கு சார் உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பையில் சாக்பீஸ் தூள் கூடத் தெரியும். சார் இப்போது இல்லை. அவர் வீட்டிலும் அந்த வயதுப் படம் இல்லையாம்.

பின்பக்கம் ஹேர் டிரையர் காட்டினேன், அசையவில்லை. பிளேடு விட்டதில் நகக்கண் அளவு நிறம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது, உடனே நிறுத்திவிட்டேன். போட்டோத்தாளின் ஜெலட்டின் பூச்சு ஈரம் பட்டால் பசை மாதிரி பிடிக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கண்ணாடிக்கு மேலேயே மொபைலில் எடுத்தால் சார் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறது. நெகட்டிவும் இல்லை, அந்த ஸ்டுடியோ மூடிப் பல வருஷம் ஆகிறது.

சித்திரையில் நாங்கள் எல்லோரும் கூடுகிறோம். அதற்குள் ஆளுக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பக்கம் இதைச் சேதமில்லாமல் பிரித்தோ, கண்ணாடியோடே ஸ்கேன் செய்தோ தரக்கூடியவர் யாராவது உங்களுக்குத் தெரியுமா?