மறு: காசுப் பிழைக்கு ஒரு சொல் – ‘அடிப்பிழை’ வேண்டாம்

அன்பு நண்பர்களுக்கு,

காசு செய்யும்போதே நேரும் தவறை, பின்னால் பட்ட சேதத்திலிருந்து பிரித்துச் சொல்ல நம் சொற்பட்டியலுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு வந்த யோசனை இது:

> ‘அச்சுப்பிழை’ புத்தகத்துக்குப் போய்விட்டது. காசை அடித்துத்தானே செய்கிறார்கள், ‘அடிப்பிழை’ என்றே வைக்கலாம்.

முதல் வரி சரி. இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே திருகோணமலைச் சந்தையில் நசுங்கிய குத்தியை (நாணயத்தை) நீட்டினால், “அடிபட்ட காசு, வேற தாங்கோ” என்பார் கடைக்காரர். எதிலிருந்து பிரித்துக் காட்ட நினைக்கிறோமோ, அதன் பெயரே ‘அடிப்பிழை’க்குள் இருக்கிறது. ‘வார்ப்புப் பிழை’ அதைவிட மோசம். இன்றைய காசை யாரும் வார்ப்பதில்லை. வெறும் வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறார்கள். வார்த்த அடையாளம் தெரிந்தால் அது கள்ளக்காசோ என்றுதான் முதலில் பார்ப்போம்.

என் முன்மொழிவு: காசு அக்கசாலையை (காசு அடிக்கும் இடத்தை) விட்டு வருமுன் நேர்ந்தது ‘அக்கசாலைப் பிழை’. வெளியே வந்தபின் பட்டது ‘வடு’. கொற்கையில் கோயில் பெயரிலேயே நிலைத்திருக்கும் சொல் அக்கசாலை, நமக்குப் புதிதல்ல.

இந்தப் பிரிவு ஏன் தேவை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு தம்பி நல்ல விலை கொடுத்து வாங்கிய 2 ரூபாய்க் குத்தியைக் கொண்டுவந்தார். அதன் முகத்தில் இன்னொரு காசின் எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருந்தது. முன்பு அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிந்தாலும் இப்படித்தான் வரும். ஆனால் அப்போது அந்தப் பக்கம் அச்சைத் தொட்டே இராது. தனக்குரிய உருவம் அங்கே விழாது. தம்பியின் காசிலோ அரச சின்னம் அடியில் நசுங்கிக் கிடந்தது. இரண்டு காசுகளைச் சேர்த்து வைசில் (திருகி இறுக்கும் பட்டறைப் பிடியில்) இறுக்கியிருக்கிறார்கள். சுத்தமான வடு. அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இந்த இரண்டு சொல்லும் விற்பனைப் பேச்சில் புழங்கியிருந்தால், வாங்குமுன் “பிழையா, வடுவா?” என்றாவது கேட்டிருப்பார்.

கோடுகளில் வேறுபாடு இன்னும் எளிது. அச்சு வெடித்தால் அந்த வெடிப்புக்குள் உலோகம் ஏறும்; காசில் மேடான கோடு வரும். கீறினால் பள்ளம். விளிம்பு குறைந்த காசில் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். வில்லையே குறையாக வெட்டப்பட்டிருந்தால், விளிம்பு எழுப்பும்போது அங்கே எதிர் அழுத்தம் கிடைக்காமல், குறைக்கு நேர் எதிரே விளிம்பு பெரும்பாலும் மெலிந்திருக்கும். பிளேக்ஸ்லி விளைவு என்பது இதுதான்; தமிழில் ‘எதிர்விளிம்பு மெலிவு’ எனலாம். பின்னால் அரத்தால் ராவிய காசில் எதிர் விளிம்பு குறையாமல் நிற்கும்.

எங்கள் கடற்கரையில் கிடைக்கும், பித்தளை முலாம் பூசிய இரும்பு 5 ரூபாய்கள் உப்புப் பட்டுக் கொப்புளித்து, உள்ளே துருவேறி வரும். அதுவும் வடுதான், சந்தேகமே வேண்டாம்.

> சேது காசுகளில் முத்திரை ஒதுங்கியிருப்பதும் பிழைதானே?

இல்லை ஐயா. சேது காசுகள் யாழ்ப்பாண அரசர் காலத்தில் கையால் அடித்தவை. கையால் அடித்த காசில் அச்சு ஒதுங்குவது வழமை. ஒல்லாந்தர் தங்கள் கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. (VOC) சின்னத்தின் மேல் ‘டி’ (T) எழுத்திட்டு, திருகோணமலைக்கென வெளியிட்ட ஸ்டைவர் என்னும் செம்புக் காசுகளும் ஒன்றைப்போல் ஒன்று இரா. எந்திரம் வந்து ஒரே சீராக அடிக்கத் தொடங்கியபின்தான் ‘பிழை’ என்ற சொல்லுக்கே இடம் வந்தது. விளக்கத்தில் ‘எந்திரத்தால் அடித்த காசு’ என்று சேர்த்துவிடுவோம்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. அடித்த கணத்திலேயே அச்சு தளர்ந்து துள்ளி, எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக இழுத்துவிடும். அச்சிலேயே உருவம் இரட்டையாக வெட்டப்பட்டதோடு இதைப் பலர் குழப்புகிறார்கள். சேகரிப்போர் பலர் இதற்கு மதிப்புக் கொடுப்பதில்லை. சேதம் என்றே ஒதுக்குகிறார்கள். ஆனால் நடந்த இடம் அக்கசாலை. ‘அச்சுத் துள்ளல்’ என்று பெயரிட்டுப் பிழைப் பக்கமே வைக்கலாம் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அதன்பின் பட்டியலில் ஏற்றுகிறேன்.