ஐகான் ஆஃப் த சீஸ்: எந்தத் தளத்தில் அறை, சைவச் சாப்பாடு, ஷோ முன்பதிவு

வைகைக்கரை:
ராயல் கரீபியனின் 'ஐகான் ஆஃப் த சீஸ்' சொகுசுக் கப்பலில், மயாமியில் ஏறும் 7 இரவுப் பயணம். கூட வரும் அப்பா அம்மா சுத்த சைவம், முட்டையும் ஆகாது. கப்பலுக்கு உள்ளேயே இருக்கும் திறந்தவெளித் தோட்டமான சென்ட்ரல் பார்க் பார்த்த பால்கனி விலை குறைவு என்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா? டின்னருக்கு தினமும் ஒரே நேரமா, நமக்குத் தோதான நேரத்தில் போகும் 'மை டைம்' முறையா? ஷோக்களுக்குத் தனிக் காசா?

டெக்_பிளான்:
பார்க் பக்கம் எடுத்தால் கடல் தெரியாது. எதிர்வரிசை பால்கனிக்காரர்கள் நேரே பார்ப்பார்கள், திரையை மூடித்தான் வைக்க வேண்டும். சாயங்காலம் கீழே உணவகங்களின் பாட்டும் பேச்சும் மேலே வரும். எனக்கென்னவோ அது பால்கனியே இல்லை.

அதைவிட முக்கியம், எந்தத் தளம் என்பது. 15ஆம் தளத்தில் வின்ட்ஜாமர் பஃபே, அதிலிருந்து மேலே நீச்சல் குளங்கள். அதற்கு நேர் கீழே அறை விழுந்தால் விடிவதற்கு முன்பே நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற இடமாக, கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டமும் அங்கேதான் குறைவு. 'கேரன்டி' கட்டணத்தில் அறை எண்ணை அவர்களே ஒதுக்குவார்கள், பெரியவர்களோடு போகும்போது அது வேண்டாம்.

அறைச் சுவர் இரும்புத் தகடு. நாலு காந்தக் கொக்கி கொண்டுபோனால் ஈரத்துணி, பை எல்லாம் மாட்டலாம்.

சைவப்பந்தி:
பெரியவர்களுக்கு ஒரே நேர டின்னர்தான் சரி. தினமும் அதே மேஜை, அதே வெயிட்டர். முதல் ராத்திரியே ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு, 'இந்தியச் சைவம், முட்டை கூடாது' என்று தெளிவாகச் சொல்லுங்கள். மறுநாளுக்கான சாதம், பருப்பு, காய்க் குருமாவை முந்தின நாளே கேட்டு வையுங்கள். மெனுவில் சைவக் குறி இருந்தாலும் முட்டை, சீஸ் இருக்கலாம். சூப் கோழிச் சாறில் வெந்ததா, இனிப்பில் ஜெலட்டின் உண்டா என்பதையும் கேளுங்கள்.

காரம் கம்மியாகத்தான் இருக்கும். சீல் பிரிக்காத பருப்புப் பொடி கொண்டுபோகலாம். வீட்டில் சமைத்ததை விடமாட்டார்கள். கெட்டில், ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஏறும்போது பெட்டியை ஸ்கேன் செய்கையிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள்.

சாப்ஸ் கிரில், இசுமி மாதிரி உணவகங்களுக்குத் தனிக் காசு. பார்க் கஃபே, சொரென்டோஸ் பீட்சா கட்டணத்திலேயே அடக்கம்.

முன்வரிசை:
ஷோ இலவசம், ஆனால் இடம் பதிவு செய்ய வேண்டும். இரண்டு பேருக்கு ஓர் அறை என்ற கணக்கிலேயே 5,610 பயணிகள். பனிச்சறுக்கு ஷோ நடக்கும் ஐஸ் அரங்கம் சின்னது, அதனால் முதலில் அதைப் பிடியுங்கள். கப்பல் கம்பெனியின் மொபைல் ஆப்பில் பதிவு திறந்ததும் டின்னர் நேரத்தோடு மோதாத காட்சியாகப் பார்த்துப் போடுங்கள். பதிவு இருந்தாலும் 15 நிமிடம் முன்னால் போய்விடுங்கள். தாமதித்தால் வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு இடம் போய்விடும்.

குளத்தில் குதித்துச் சாகசம் செய்யும் ஷோ நடக்கிற அக்வாடோம் அரங்கில் முன்வரிசை நனையும். கண்ணாடிக் கூரை இருப்பதால் மழைக்குக் கவலையில்லை. ஆனால் அது கப்பலின் முன்முனையில், உச்சியில் இருக்கிறது. கடல் கொந்தளித்தால் குளத்துத் தண்ணீர் அலையும், உயரத்திலிருந்து குதிப்பது ஆபத்து, ஷோவை நிறுத்திவிடுவார்கள். அதனால் கடைசி ராத்திரிக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

வைகைக்கரை:
நன்றி. கடல் பக்கம், 10ஆம் தளம், நடுவில் கேட்டிருக்கிறேன். துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு எப்போது வரும்?

டெக்_பிளான்:
சில சமயம் ராத்திரி ஆகிவிடும். மாத்திரை, பாஸ்போர்ட், நீச்சலுடை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.